மைசூர் மெய்யியலாளர்களும் தனிமனித விடுதலைச் சிந்தனையும் (1881 – 1947)

முன்னுரை

சமூகம் பெரிதா, தனிமனிதன் பெரியவனா என்னும் வினா மெய்யியலின் பழமையான வினாக்களுள் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இவ்வினா இந்திய மண்ணில் புதிய கூர்மையுடன் எழுந்தது. அயலாட்சி, சாதிக் கட்டுமானம், புதிய கல்வி, புதிய தொழில்கள் ஆகியன ஒருங்கே செயற்பட்ட காலம் அது. அக்காலத்தில் இவ்வினாவை ஏட்டிலும் நாட்டிலும் ஒருசேர எதிர்கொண்ட இடங்களுள் மைசூர் (இன்று மைசூரு) குறிப்பிடத்தக்கது. இருபதாம் நூற்றாண்டு இந்திய மெய்யியலில் பெயர் பெற்ற சர்வபள்ளி இராதாகிருட்டிணன், பிரஜேந்திரநாத் சீல், மை. ஹிரியண்ணா, ஏ. ஆர். வாடியா ஆகிய நால்வரும் அந்நகரின் கல்வி நிறுவனங்களில் பணியாற்றியவர்கள். அதே மைசூர் அரசின் எல்லைக்குள், கோலார் தங்கவயலில், அயோத்திதாசப் பண்டிதரின் தமிழ்ப் பௌத்தம் சுரங்கத் தொழிலாளர்களிடையே வேரூன்றியது.

இவ்விரு மரபுகளும் பெரும்பாலும் தனித்தனியாகவே பேசப்பட்டு வந்துள்ளன. முன்னது மெய்யியல் துறையினரின் பொருளாகவும், பின்னது தமிழ்த்துறையினரின் பொருளாகவும் பிரிந்து நிற்கிறது. ஓர் அரசின் குடைக்கீழ் ஏறத்தாழ ஒரே காலத்தில் நிகழ்ந்த இவ்விரு சிந்தனை முயற்சிகளையும் அருகருகே வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். விடுதலை என்பது யாது, அதனை யார் தருவது, அது யாருக்கு உரியது என்னும் மூன்று வினாக்கள் இங்கு அளவுகோல்களாகக் கொள்ளப்படுகின்றன.

விடுதலை என்னும் சொல்

தமிழில் ‘விடுதலை’ என்னும் சொல் ‘விடு’ என்னும் வினையடியாகப் பிறந்தது. ‘வீடு’ என்னும் சொல்லும் அதே அடியினது. பற்று விடுதலையைக் குறித்த ‘வீடு’ அறம், பொருள், இன்பம் ஆகியவற்றோடு நான்காவது உறுதிப்பொருளாக எண்ணப்பட்டது. திருக்குறள் முப்பாலாக அமைந்து, வீட்டிற்கெனத் தனிப்பால் வகுக்கவில்லை என்பது தமிழறிஞர் நன்கறிந்த செய்தி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரதியாரின் பாடல்களிலும் இதழ்களிலும் விடுதலை, சுதந்திரம் என்னும் சொற்கள் அரசியற் பொருள் பெற்று வழங்கலாயின. ஆகவே தமிழில் விடுதலை என்னும் சொல் இரு பொருள்களைச் சுமக்கிறது. ஒன்று அகத்தின் கட்டினின்று நீங்குதல். மற்றொன்று புறத்தின் கட்டினின்று நீங்குதல். மைசூர் மெய்யியலாளர்களின் சிந்தனையை விளங்கிக்கொள்ள இவ்வேறுபாடு பெரிதும் துணைபுரியும்.

மைசூர் அரசும் பிரதிநிதித்துவ சபையும்

1831ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கும்பினி மைசூர் ஆட்சியைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1881இல், ஆட்சி மீண்டும் உடையார் மரபினரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வாண்டே பிரதிநிதித்துவ சபை ஒன்று நிறுவப்பட்டது. அதன் முதற்கூட்டம் 1881 அக்டோபர் 7ஆம் நாள் 144 உறுப்பினர்களுடன் நடைபெற்றது. இதனை நிறுவிய திவான் சி. வி. ரங்காசார்லு செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவர். சபைக்குத் தேர்தல் முறை 1891இல் அறிமுகமாயிற்று. 1907இல் சட்டமன்றமும் அமைக்கப்பட்டது.

இச்சபை கருத்துரைக்கலாம், முறையிடலாம், ஆனால் ஆட்சியைக் கட்டுப்படுத்த இயலாது. மக்கள் பேச, அரசு கேட்கும் என்பதே அதன் அடிப்படை. கேட்டபடி நடக்கவேண்டும் என்னும் கடப்பாடு அரசுக்கு இல்லை. இதன் எல்லையை 1908ஆம் ஆண்டின் செய்தித்தாள் ஒழுங்குமுறைச் சட்டம் வெளிப்படுத்தியது. அச்சட்டம் இதழ் நடத்துவோரை அரசின் இசைவுக்குக் கட்டுப்படுத்தியது. இதழாளரும் கல்வியாளருமான எம். வெங்கடகிருஷ்ணய்யா அதனைக் கடுமையாக எதிர்த்தார். கருத்துரைக்க மன்றம் அமைத்த அரசே கருத்தை அச்சிடுவதற்குத் தடைவிதித்தது என்னும் முரண் இங்கு நோக்கத்தக்கது.

மேலைநாட்டுச் சிந்தனையின் வழியும் இவ்விடத்தில் மைசூரைத் தொடுகிறது. தனிமனித விடுதலைக்கு அடிப்படை நூலாகக் கருதப்படும் ‘விடுதலை குறித்து’ என்னும் நூலை 1859இல் வெளியிட்ட ஜான் ஸ்டூவர்ட் மில், 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கும்பினியின் இலண்டன் அலுவலகத்தில் பணியாற்றியவர். இந்தியச் சுதேச அரசுகளோடான கடிதப் போக்குவரத்து அவர் பொறுப்பில் இருந்தது. ஒருவரின் செயல் பிறர்க்குத் தீங்கு விளைக்காதவரை அரசோ சமூகமோ அதில் தலையிடலாகாது என்பது அவர் கோட்பாடு. ஆயினும் வளர்ச்சி பெறாத சமூகங்களுக்கு இக்கோட்பாடு பொருந்தாது என்றும், அவற்றின் மேம்பாட்டை நோக்கமாகக் கொண்ட தனியாட்சி முறையானதே என்றும் அந்நூலிலேயே அவர் விலக்களித்தார். மேம்படுத்தும் ஆட்சி என்னும் இக்கருத்து ஆங்கிலேயருக்கு மட்டும் பயன்படவில்லை. ‘முன்மாதிரி அரசு’ எனப் புகழப்பட்ட மைசூரின் ஆட்சியாளர்களும், மக்கள் தகுதி பெறும்வரை அரசே அவர்களுக்குக் காப்பாளர் என்னும் நிலைப்பாட்டைப் பல காலம் மேற்கொண்டனர்.

பல்கலைக்கழகமும் ஓலைச்சுவடியும்

மைசூர் மகாராஜா கல்லூரி 1916 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்றிருந்தது. 1916 சூலை 27ஆம் நாள் மைசூர்ப் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றது. ஆங்கிலேயரின் நேரடி ஆட்சிக்கு உட்படாத பகுதியில் எழுந்த முதல் இந்தியப் பல்கலைக்கழகம் இதுவே. அப்போது நால்வடி கிருஷ்ணராஜ உடையார் மன்னராகவும் மோ. விசுவேசுவரய்யா திவானாகவும் விளங்கினர்.

இதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே மைசூரில் ஓர் அரிய நிகழ்ச்சி நடந்தது. தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர் அரசின் கீழ்த்திசை நூலகத்திற்கு அளித்த கிரந்த எழுத்துச் சுவடி ஒன்று கௌடிலியரின் அர்த்தசாத்திரம் என 1905இல் நூலகரான ஆர். சாமசாத்திரியாரால் அடையாளம் காணப்பட்டது. 1909இல் மூலமும் 1915இல் ஆங்கில மொழிபெயர்ப்பும் நூல்வடிவம் பெற்றன. இந்தியர்க்கு ஆன்மிகம் உண்டு, அரசியற் சிந்தனை இல்லை என்னும் கூற்றை மறுக்க இந்நூல் பெரிதும் பயன்பட்டது. ஆனால் அர்த்தசாத்திரம் காட்டும் உலகில் அரசே மையம். குடிகளின் நலம் அரசனின் கடமையாகக் கூறப்படுகிறதேயன்றிக் குடிகளின் உரிமையாகக் கூறப்படவில்லை. கடமை வழியாக நலத்தைக் காணும் இப்போக்கு மைசூர் மெய்யியலாளர்களின் எழுத்துகளிலும் பல வடிவங்களில் தொடர்வதைக் காணலாம்.

இராதாகிருட்டிணன்: தன்னை அறிதலே விடுதலை

1888இல் திருத்தணியில் பிறந்த இராதாகிருட்டிணன் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றவர். வேதாந்தத்தில் அறவியலுக்கு இடமில்லை என்னும் மேலையோர் குற்றச்சாட்டை மறுத்து 1908இல் தம் முதுகலை ஆய்வேட்டை வெளியிட்டார். உலகம் பொய்யெனின் ஒருவர் மற்றவர்க்கு நன்மை செய்ய வேண்டிய தேவை என்ன என்பதே அக்குற்றச்சாட்டின் சாரம். அதற்கு விடை காண்பது அவரது வாழ்நாட் பணியாயிற்று. 1918 முதல் 1921 வரை மைசூரில் மெய்யியல் பேராசிரியராகப் பணியாற்றினார். 1918இல் தாகூரின் மெய்யியல் பற்றிய நூலும், 1920இல் சமகால மெய்யியலில் சமயத்தின் ஆட்சி பற்றிய நூலும் வெளிவந்தன. பின்னதில் பெர்க்சன், வில்லியம் ஜேம்ஸ், ரசல் முதலிய மேலைச் சிந்தனையாளரின் கருத்துகளை அவர் திறனாய்ந்தார். 1921இல் அவர் மைசூரை நீங்கியபோது, குதிரைகளை அவிழ்த்துவிட்டு மாணவர்களே வண்டியைப் புகைவண்டி நிலையம்வரை இழுத்துச் சென்ற செய்தி பலரும் அறிந்தது.

அவர் நோக்கில் தனிமனிதன் என்பவன் தன் விருப்பங்களின் தொகுதி அல்லன். அனைத்துயிர்க்கும் பொதுவான ஓர் உண்மையின் வெளிப்பாடு அவன். தன்னுள் உள்ள அவ்வுண்மையை உணர்தலே விடுதலை. அவ்வுணர்வு பெற்றவன் பிறரைத் தன்னின் வேறாகக் காணான். இவ்வகையில் தனிமனிதனின் மதிப்புக்கு மிக உயர்ந்த அடிப்படை கிடைக்கிறது. அரசோ சமூகமோ ஒருவனை வெறுங்கருவியாகப் பயன்படுத்துதல் தகாது என்பது இதன் இயல்பான முடிவு.

ஆனால் 1926இல் ஆக்சுபோர்டில் நிகழ்த்தி மறு ஆண்டு நூலாக்கிய ‘இந்து வாழ்க்கை நோக்கு’ என்னும் சொற்பொழிவுகளில் அவர் வருணப் பகுப்பின் தொடக்க நோக்கத்தைச் சமூக இணக்கமாக விளக்கினார். பிற்காலத்தில் அது இறுகித் தீங்கானது என்பதையும் ஒப்புக்கொண்டார். இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. ஒவ்வொருவரும் தத்தம் இயல்புக்கேற்ற தொழிலைச் செய்வதே விடுதலை எனின், அவ்வியல்பை வரையறுப்பவர் யார்? பிறப்பு வரையறுக்குமாயின் அகவிடுதலை பற்றிய உயர்ந்த கோட்பாடு புறக்கட்டினைத் தீண்டாமலே நின்றுவிடும்.

ஹிரியண்ணா: உறுதிப்பொருளும் வாழும்போதே வீடும்

மை. ஹிரியண்ணா (1871 – 1950) மகாராஜா கல்லூரியின் வடமொழிப் பேராசிரியர். பல ஆண்டுகள் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் அவர் நிகழ்த்திய விரிவுரைகளின் அடிப்படையில் உருவான ‘இந்திய மெய்யியலின் உருவரை’ 1932இல் வெளிவந்தது. இன்றும் பாடநூலாக நிலைபெற்றுள்ள நூல் அது. இந்திய மெய்யியற் பள்ளிகள் பலவும் வீடுபேற்றை இறுதிக் குறிக்கோளாகக் கொள்வதையும், பற்றறுக்கும் ஒழுக்கத்தை அதற்கு வழியாகக் காட்டுவதையும் அவர் பொதுக்கூறுகளாக எடுத்துரைத்தார். வீடுபேறு இறப்பிற்குப் பின்னர்க் கிட்டுவது மட்டுமன்று. இப்பிறவியிலேயே எய்தத்தக்கது என்னும் சீவன்முத்திக் கருத்துக்கு அவர் தந்த அழுத்தம் குறிப்பிடத்தக்கது.

ஹிரியண்ணாவின் நூல்களில் அரசியல் வெளிப்படையாக இடம்பெறுவதில்லை. எனினும் மெய்யியல் என்பது அறிவுப் பயிற்சியாக நின்றுவிடாமல் வாழும் முறையாகவும் அமைய வேண்டும் என்னும் அவர் நோக்கு சமூகச் சிந்தனைக்கு இடம் தருகிறது. வாழும்போதே விடுதலை என்பது மெய்யாயின், அவ்வாழ்வைத் தடைசெய்யும் வறுமையும் இழிவும் மெய்யியலுக்குப் புறம்பான செய்திகளாக இருத்தல் இயலாது. இவ்வடுத்த படியை ஹிரியண்ணா எடுத்துவைக்கவில்லை. அதனை எடுத்துவைத்தவர்கள் வேறிடத்தில் இருந்தனர்.

வாடியா: பெண்ணுரிமை என்னும் உரைகல்

மும்பைப் பார்சி மரபினரான ஏ. ஆர். வாடியா (1888 – 1971) மகாராஜா கல்லூரியில் மெய்யியல் பேராசிரியராக நீண்ட காலம் பணியாற்றியவர். 1923இல் வெளிவந்த அவரது ‘பெண்ணியத்தின் அறவியல்’ என்னும் நூல், பெண்ணின் கிளர்ச்சி பற்றிய ஆய்வு எனத் துணைத்தலைப்புப் பெற்றது. இந்தியக் கல்லூரி ஒன்றின் மெய்யியல் பேராசிரியர் 1920களின் தொடக்கத்திலேயே பெண்ணியத்தைத் தனி ஆய்வுப்பொருளாகக் கொண்டமை கருதத்தக்கது. தனிமனித உரிமை, குடும்பம் என்னும் சமூக நிறுவனத்தின் வாயிலில் நின்றுவிட வேண்டுமா என்னும் வினா இதனால் மெய்யியல் வகுப்பறைக்குள் வந்தது.

இத்துறையில் மைசூர் அரசு சட்டவழிச் சில செயல்களை முன்னரே செய்திருந்தது. 1894ஆம் ஆண்டின் குழந்தை மணத் தடுப்புச் சட்டம் எட்டு வயதிற்குட்பட்ட சிறுமியரின் திருமணத்தைத் தடைசெய்தது. 1909இல் கோயில்களில் தேவதாசிப் பணி நிறுத்தப்பட்டது. சென்னை மாகாணத்தில் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம் 1947இல்தான் வந்தது. 1933இல் இந்துப் பெண்களின் சொத்துரிமை பற்றிய சட்டம் இயற்றப்பட்டது. இவை போற்றத்தக்கன. ஆயினும் இவற்றுட் பெரும்பாலானவை மேலிருந்து வழங்கப்பட்டவை. தேவதாசிப் பணி நிறுத்தம் அப்பெண்களின் வாழ்வாதாரத்தையும் மானிய உரிமையையும் தொட்டது என்பதையும் இணைத்து நோக்குதல் வேண்டும். காப்பாளராக நின்று அரசு செய்யும் நன்மைக்கும், உரியவர் கேட்டுப் பெறும் உரிமைக்கும் உள்ள இடைவெளி இங்குப் புலப்படுகிறது. தமிழகத்தில் தன்மதிப்பியக்கம் பெண் விடுதலையைப் பெண்களே பேசும் மாநாடுகளின் வழி முன்வைத்தது என்பது இதனோடு ஒப்பிடத்தக்க வேறுபாடாகும்.

சீல்: உலக மனிதனும் அரசியலமைப்பும்

1921ஆம் ஆண்டு மைசூருக்கும் கல்கத்தாவுக்கும் இடையே ஓர் இடமாற்றம் நிகழ்ந்தது. இராதாகிருட்டிணன் மைசூரிலிருந்து கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாம் ஜார்ஜ் மெய்யியல் இருக்கைக்குச் சென்றார். அதுவரை அவ்விருக்கையில் இருந்த பிரஜேந்திரநாத் சீல் (1864 – 1938) மைசூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக வந்து 1930 வரை பணியாற்றினார். விவேகானந்தரின் கல்லூரித் தோழரான சீல், 1911இல் இலண்டனில் நடைபெற்ற உலக இனங்கள் மாநாட்டின் முதல் அமர்வில் இனம், குலம், தேசம் ஆகியவற்றின் பொருள் பற்றிக் கட்டுரை அளித்தவர். இனம் என்பது மாறாத பொருளன்று. வரலாற்றில் உருவாகி மாறி வருவது என்பது அவர் துணிபு. பிறப்பால் மனிதரைப் பகுக்கும் கோட்பாடு உலகெங்கும் செல்வாக்குப் பெற்றிருந்த காலத்தில் இக்கருத்து முன்வைக்கப்பட்டது.

மைசூரில் சீலுக்குத் தம் சிந்தனையைச் செயலாக்கும் வாய்ப்புக் கிட்டியது. அரசியலமைப்புச் சீர்திருத்தம் குறித்து ஆராய அமைக்கப்பட்ட குழுவுக்கு அவர் தலைமை ஏற்றார். அக்குழுவின் அறிக்கை 1923இல் அளிக்கப்பட்டது. அதன் பயனாக, அதுவரை அரசாணையின் அடிப்படையில் மட்டும் இயங்கிய பிரதிநிதித்துவ சபை சட்டத் தகுதி பெற்றது. புதிய வரிகள் விதிக்குமுன் அச்சபையைக் கலந்தாலோசித்தல் வேண்டும் என்றாயிற்று. 50 உறுப்பினர் கொண்ட சட்டமன்றம் மானியக் கோரிக்கைகள் மீது வாக்களிக்கும் உரிமை பெற்றது. வாக்குரிமையில் பெண்களுக்கு இருந்த தடை நீக்கப்பட்டது. ஆனால் ஆட்சிக்குழு சபைக்குப் பொறுப்புடையதாக்கப்படவில்லை.

மெய்யியலாளர் ஒருவர் தலைமையேற்ற குழு ஏன் இவ்வெல்லையில் நின்றது? அன்றைய மெய்யியற் சூழலில் இதற்கு ஒரு விளக்கம் காணலாம். ஆங்கில மெய்யியலாளர் தாமஸ் ஹில் கிரீன் 1881ஆம் ஆண்டுச் சொற்பொழிவு ஒன்றில், விடுதலை என்பது தடையின்மை மட்டுமன்று. செய்யத்தக்கதைச் செய்யும் ஆற்றலும் ஆகும் என விளக்கினார். அவர் வழிவந்த பொசாங்கே 1899இல் அரசைத் தனிமனிதரின் உண்மையான விருப்பத்தின் உருவமாகக் கண்டார். ஸ்பென்சர் 1884இல் மனிதனையும் அரசையும் எதிரெதிர் நிறுத்தினார். ஹாப்ஹவுஸ் 1918இல் அரசை வழிபடும் போக்கினைக் கடுமையாக மறுத்தார். இவ்விவாதத்தில் சமூகத்தை ஓர் உயிருடலாகக் காணும் தரப்பு இந்திய மெய்யியலாளர் பலர்க்கும் உவப்பாக இருந்தது. உடலில் தலைக்கும் கைக்கும் பகையில்லை. ஆகவே அரசனும் குடிகளும் எதிரிகள் அல்லர். இந்நோக்கில் கலந்தாலோசனை போதுமானது; கட்டுப்படுத்தும் உரிமை தேவையற்றது. உயிருடல் உவமையின் வலிமையும் வலுக்குறைவும் இதுவே. அது சமூகத்தின் ஒருமையைக் காட்டுகிறது. உறுப்புகளுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வை மறைக்கிறது.

மில்லர் குழு: தகுதியும் பங்கும்

உறுப்புகளின் ஏற்றத்தாழ்வு பற்றிய வினா மைசூரில் வேறொரு வழியில் எழுந்தது. 1917இல் பிரஜாமித்ர மண்டலி தோன்றியது. 1918இல் தலைமை நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் குழு அமைக்கப்பட்டு 1919இல் அறிக்கை அளிக்கப்பட்டது. ஏழு ஆண்டுகளுக்குள் உயர்பதவிகளில் பாதிக்குக் குறையாமலும் கீழ்நிலைப் பதவிகளில் மூன்றில் இரு பங்குக்குக் குறையாமலும் பிராமணரல்லாத சமூகத்தார்க்கு உரியதாக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரை. இப்போக்கில் உடன்பாடற்ற விசுவேசுவரய்யா திவான் பொறுப்பினின்று விலகினார். 1921இல் அரசு பரிந்துரைகளை ஏற்றது. சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி அரசின் முதல் வகுப்புவாரி ஆணை வெளிவந்ததும் அதே 1921இல்தான்.

இவ்விவாதத்தில் தனிமனிதன் யார் பக்கம் நின்றான் என்பது ஆராயத்தக்கது. தகுதி ஒன்றே அளவுகோல் என்றவர்கள் தனிமனிதனை முன்னிறுத்தினர். பங்கு கேட்டவர்கள் சமூகத்தை முன்னிறுத்தினர். மேலோட்டமாக நோக்கின் முன்னதே விடுதலையின் குரல் போலத் தோன்றும். ஆனால் பிறப்பின் காரணமாகவே பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒருவன் தனிமனிதனாகத் தேர்வுக் கூடத்திற்குள் நுழைவதற்கே அவனுடைய சமூகத்தின் பெயரால் வாயில் திறக்கப்பட வேண்டியிருந்தது. கூட்டுக் கோரிக்கை தனிமனித விடுதலைக்கு முரணானது அன்று. குறிப்பிட்ட வரலாற்றுச் சூழலில் அதற்கு வழியாகவும் அமைந்தது எனலாம். மைசூர் மெய்யியலாளர்களின் பெருநூல்களில் இம்முரண் மையப்பொருளாக இடம்பெறவில்லை.

தங்கவயல்: சுரங்கத்தில் எழுந்த மெய்யியல்

மைசூர் நகரின் கல்லூரிகளுக்கு வெளியே, அதே அரசின் கோலார் தங்கவயலில், 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் சுரங்கத்தொழிலை நடத்திவந்தனர். 1902இல் சிவனசமுத்திரத்திலிருந்து மின்னாற்றல் அங்குக் கொண்டுசெல்லப்பட்டது. சுரங்கத்தில் இறங்கியவர்களுள் பெரும்பாலோர் வடஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழர்கள். அவர்களுள் மிகுதியானோர் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர்.

அயோத்திதாசப் பண்டிதர் (1845 – 1914) 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். அதன் கிளைகள் மாரிக்குப்பம், சாம்பியன் ரீப்ஸ், பெங்களூர் ஆகிய இடங்களில் அமைந்தன. 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் பெயரில் தொடங்கி, பின்னர்த் ‘தமிழன்’ எனப் பெயர் பெற்ற அவரது இதழ் தங்கவயலில் பரவலாகப் படிக்கப்பட்டது. அவர் மறைவுக்குப் பின் 1926இல் தங்கவயலைச் சேர்ந்த ஜி. அப்பாதுரையார் அவ்விதழுக்கு மீண்டும் உயிரூட்டினார். தங்கவயல் சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் எழுத்துகளை நூல்களாக வெளியிட்டுக் காத்தது. தஞ்சைச் சுவடி மைசூருக்குச் சென்று அச்சேறியது போலவே, சென்னையில் பிறந்த சிந்தனையும் மைசூர் அரசின் சுரங்க ஊரில் அச்சேறி நிலைபெற்றது.

அயோத்திதாசர் விடுதலையை அகம், புறம் எனப் பிரிக்கவில்லை. சாதி என்பது மூலத்தில் இருந்த நல்ல பகுப்பின் சிதைவு அன்று. பூர்வ பௌத்தரை வீழ்த்திச் சூட்டப்பட்ட இழிவு என்பது அவர் வரலாற்று நோக்கு. திருக்குறளைத் ‘திரிக்குறள்’ எனப் பெயரிட்டுத் திரிபிடகத்தோடு இணைத்து அவர் தந்த விளக்கத்தைச் சொல்லாராய்ச்சி முறையில் ஏற்பதும் மறுப்பதும் வேறு. தன் மரபை விளக்கும் உரிமை தனக்கும் உண்டு என ஒடுக்கப்பட்டவர் ஒருவர் நிலைநாட்டியதே அதில் அடங்கிய விடுதலைச் செயலாகும். வரலாறு, பெயர், சமயம் ஆகியவற்றைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமை தனிமனித விடுதலையின் முதற்படி என்பது இதனாற் பெறப்படும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களைச் சாதிப் பெயரால் பதிவு செய்யாமல் பௌத்தர் எனப் பதிவு செய்யுமாறு தம்மவரை வேண்டியமை இதன் நடைமுறை வடிவமாகும்.

1930ஆம் ஆண்டில் தங்கவயல் தொழிலாளர், பதிவுக்காகக் கைரேகை பெறும் முறையை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். தம் உடலின் அடையாளம் தமக்கே உரியது, குற்றவாளியைப் போலத் தம்மைப் பதிவு செய்தல் இழிவு என்னும் உணர்வை அதில் காணலாம். மைசூரில் சீல் துணைவேந்தராக இருந்த இறுதி ஆண்டும் அதுவே. விடுதலை பற்றிய ஒரே வினா ஓரிடத்தில் அறிக்கையாகவும் மற்றோரிடத்தில் வேலைநிறுத்தமாகவும் வெளிப்பட்டது.

தொடரும் தடங்கள்

மைசூர் மெய்யியல் மரபு தன் எல்லையிலேயே தேங்கிவிடவில்லை. சீல் துணைவேந்தராக இருந்த காலத்தில் மகாராஜா கல்லூரியில் பயின்று 1929இல் முதுகலைப் பட்டம் பெற்ற குவெம்பு, பின்னர் அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் (1956 – 1960) உயர்ந்தார். ‘விசுவமானவன்’ என்னும் அவரது கருத்து, பிறக்கும் குழவி உலக மனிதனாகவே பிறக்கிறது. சாதியும் சமயமுமே அதனைச் சுருக்குகின்றன என்பது. சடங்கும் சாதியும் நீக்கிய எளிய திருமண முறையையும் அவர் வகுத்தார். தமிழகத்தின் தன்மதிப்புத் திருமணத்தோடு இதனை ஒப்பிட்டு ஆராய இடமுண்டு. பேராசிரியர் நூல்கள் தொடாத புறக்கட்டினைச் சூத்திர வகுப்பில் பிறந்த படைப்பாளர் ஒருவர் அம்மரபின் உள்ளிருந்தே தொட்டார் என்பது கருதத்தக்கது.

அரசியல் துறையில், பொறுப்பாட்சிக் கோரிக்கை 1938இல் விதுராசுவத்தத் துப்பாக்கிச் சூட்டையும் 1947இல் ‘மைசூர்ச் சலோ’ கிளர்ச்சியையும் கடந்து, 1947 அக்டோபரில் கே. சி. ரெட்டி தலைமையிலான அமைச்சரவையாக நிறைவேறியது. 1881இல் வழங்கப்பட்ட பேசும் உரிமை, கட்டுப்படுத்தும் உரிமையாக மாற அறுபத்தாறு ஆண்டுகள் ஆயின. தங்கவயல் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. அங்கு எழுந்த தமிழ்ச் சிந்தனை இன்று நூல்களில் வாழ்கிறது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. விடுதலை யாது என்னும் வினாவுக்கு மைசூர் மெய்யியலாளர் ஆழமான விடை தந்தனர். தனிமனிதனின் மதிப்பை விருப்பத்தில் வைக்காமல் தன்னை உணரும் ஆற்றலில் வைத்தமை அவர்தம் கொடை. விடுதலையை யார் தருவது என்னும் வினாவில் அவர்கள் பெரும்பாலும் நல்லரசை நம்பினர். அந்நம்பிக்கையால் கல்வி, சட்டம், வாக்குரிமை ஆகியவற்றில் நன்மைகள் விளைந்தன. ஆயினும் குடிகள் நெடுங்காலம் காக்கப்படுவோராகவே நிறுத்தப்பட்டனர். விடுதலை யாருக்கு உரியது என்னும் மூன்றாம் வினாவே அவர்தம் எழுத்துகளில் மிகக் குறைவாகப் பேசப்பட்டது. அதற்கான விடை மில்லர் குழுவின்முன் நின்ற சமூகங்களிடமிருந்தும் தங்கவயலின் தமிழ் இதழிடமிருந்தும் வந்தது.

ஆகவே இந்தியாவில் தனிமனித விடுதலைச் சிந்தனையின் வரலாற்றை எழுதுவோர் பல்கலைக்கழக நூல்களை மட்டும் சான்றாகக் கொள்ளுதல் போதாது. மெய்யியல் நூலும் வார இதழும், குழு அறிக்கையும் வேலைநிறுத்தமும் ஒரே வரலாற்றின் சான்றுகள். அவ்வாறே, தமிழ்ப் பௌத்தத்தை ஆராயும் தமிழ்த்துறையினரும் அதனைச் சென்னையின் கிளையாக மட்டும் காணாமல், அது வளர்ந்த மைசூர் அரசின் மெய்யியல், அரசியல் சூழலோடு பொருத்திக் காணுதல் வேண்டும். வீடு என்னும் பழஞ்சொல்லும் விடுதலை என்னும் புதுப்பொருளும் ஓரடியில் பிறந்தவை. அகவிடுதலையைப் பேசியோரும் புறவிடுதலைக்குப் போராடியோரும் ஒரே நாட்டில் வாழ்ந்தும் ஒருவரையொருவர் படிக்காமற் போயினர். அவர்களை இன்றேனும் ஒருங்கே படிப்பது தமிழாய்வின் முன் நிற்கும் கடமையாகும்.